உங்க கடைப் பெயரை வேறொருவர் பதிவு செய்துவிட்டால்? 'இருட்டுக்கடை' வழக்கு சொல்லும் டிரேட்மார்க் பாடம்!

கடைக்குப் பெயர் வச்சாச்சு, போர்டு மாட்டியாச்சு, ஜிஎஸ்டி நம்பரும் வாங்கியாச்சு. இனி இந்தப் பெயர் நமக்குத்தான் என்று சிறு வியாபாரிகள் பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஜிஎஸ்டி வரிக்கானது. உணவுப் பாதுகாப்பு உரிமம் தரத்துக்கானது. கம்பெனி பெயரைப் பதிவு செய்தால்கூட பிராண்ட் உரிமை வந்துவிடாது. பெயருக்கும் லோகோவுக்கும் பாதுகாப்பு தருவது டிரேட்மார்க் எனப்படும் வணிகச் சின்னம்தான்.

நெல்லை வழக்கில் நடந்தது என்ன?

நெல்லையப்பர் கோயில் எதிரே, மங்கலான வெளிச்சத்தில் மாலையில் அல்வா விற்ற கடைக்கு மக்கள் வைத்த பெயர் 'இருட்டுக்கடை'. அந்தப் பெயருக்கு முன்னால் 'திருநெல்வேலி' என்று சேர்த்து இன்னொருவரும் அல்வா விற்க, விவகாரம் கோர்ட்டுக்குப் போனது.

சிக்கல் என்னன்னா, இரண்டு தரப்பிடமும் டிரேட்மார்க் பதிவு இருந்தது. அப்படியானால் யாருக்கு உரிமை? 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பதிவை விட, முதலில் பயன்படுத்தியவரின் உரிமையே மேலானது. பழைய கடைக்கே வெற்றி.

அப்போ பதிவு எதற்கு?

பதிவு இல்லாமலும் வழக்கு போடலாம். தன் சரக்கை அடுத்தவர் சரக்கு போலக் காட்டி விற்பதைத் தடுக்கும் இந்த வழக்குக்கு 'பாஸிங் ஆஃப்' என்று பெயர். ஆனால் கடைக்கு நற்பெயர் இருக்கிறது, வாடிக்கையாளர் ஏமாறுகிறார், அதனால் நமக்கு நஷ்டம் என எல்லாவற்றையும் நாமே நிரூபிக்க வேண்டும். நூறு ஆண்டு பெயரெடுத்த கடைக்கு அது முடியும். மூன்று வருஷமாக மசாலா பொடி விற்பவருக்கு? பதிவுச் சான்றிதழ் கையில் இருந்தால், அதுவே முதல் ஆதாரம்.

எவ்வளவு செலவாகும்?

தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனங்களுக்கு ஆன்லைன் கட்டணம் ரூ.4,500. மற்றவர்களுக்கு ரூ.9,000. இது ஒரு பெயருக்கு, ஒரு வகைக்கு மட்டும். சரக்கு, சேவை எல்லாம் 45 வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இனிப்பு 30-வது வகை, ஹோட்டல் சேவை 43-வது வகை. இரண்டும் நடத்தினால் இரண்டுக்கும் கட்டணம் உண்டு. தமிழ்நாட்டு விண்ணப்பங்களைக் கவனிப்பது சென்னை கிண்டியில் உள்ள அலுவலகம்.

படிப்படியாக என்ன செய்வது?

* அரசின் டிரேட்மார்க் இணையதளத்தில் அதே பெயரோ, அதுபோல ஒலிக்கும் பெயரோ இருக்கிறதா என்று தேடிப் பாருங்க. இதற்குக் கட்டணம் இல்லை.
* எந்தத் தேதியிலிருந்து பெயரைப் பயன்படுத்துகிறீர்கள் என்று விண்ணப்பத்தில் எழுதணும். அதற்குப் பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் வேண்டும். பல வருஷமாக நடக்கும் கடையை 'இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறோம்' என்று காட்டினால், பின்னால் வழக்கு வரும்போது அதுவே நமக்கு எதிராகத் திரும்பும்.
* ஆய்வு அறிக்கையில் ஆட்சேபனை வந்தால் 30 நாளுக்குள் பதில் தரணும்.
* ஏற்கப்பட்ட பெயர் டிரேட்மார்க் இதழில் வெளியாகும். யாராவது எதிர்க்க 4 மாதம் அவகாசம். எதிர்ப்பு வராவிட்டால் பதிவு கிடைக்கும்.
* விண்ணப்பித்த நாளிலிருந்து 10 ஆண்டு செல்லும். பிறகு 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம்.

எந்தப் பெயர் கிடைப்பது கஷ்டம்?

'சுவையான அல்வா', 'சுத்தமான எண்ணெய்' போல, பொருளை வர்ணிக்கும் பெயர்கள் பொதுவாக நிராகரிக்கப்படும். எல்லோரும் பயன்படுத்த வேண்டிய சொல்லை ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுக்க முடியாது என்பதே காரணம். சரக்கோடு நேரடித் தொடர்பில்லாத, தனித்துத் தெரியும் பெயருக்கே வாய்ப்பு அதிகம்.

இதையும் கவனிங்க

'டிஎம்' குறியீட்டை யார் வேண்டுமானாலும் போடலாம். வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தைப் பதிவு கிடைத்த பிறகுதான் போடணும். முன்கூட்டியே போடுவது சட்டப்படி தவறு. பதிவு வாங்கிவிட்டு 5 ஆண்டுக்கு மேல் பெயரைப் பயன்படுத்தாமல் விட்டால், அதை நீக்கச் சொல்லி மற்றவர் மனு போடவும் வழி இருக்கிறது.

முக்கியமாக, முதல் பில் புத்தகம், பழைய விளம்பர நோட்டீஸ், தேதியுள்ள கடைப் போட்டோ எதையும் தூக்கிப் போடாதீங்க. 'நாங்கதான் முதலில்' என்று கோர்ட்டில் சொல்ல அவைதான் சாட்சி.