குறைந்த விலைக் கைக்கணினியில் நிறைந்த பயன்

இப்போது 200 வெள்ளிக்கும் குறைவான விலையில் கைக்கணினிகள் கிடைக்கின்றன. பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் என்றும், வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்குத் துணையாக இருக்கும் என்றும் எண்ணிப் பலர் வாங்குகிறார்கள். ஆனால், சில மாதங்களில் அது காணொளி பார்க்கும் கருவியாகச் சுருங்கிவிடுகிறது. அல்லது, மெதுவாக இயங்குகிறது என்று சொல்லி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

மெதுவாக இயங்குவதற்குக் காரணம் உண்டு. விலை குறைந்த கருவிகளில் நினைவகம் பெரும்பாலும் 3 அல்லது 4 கிகாபைட்தான் இருக்கும். சேமிப்பிடம் 32 கிகாபைட் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், அதில் கணிசமான பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொள்ளும். முப்பது நாற்பது செயலிகளை ஏற்றினால் கருவி திணறத்தான் செய்யும். வாசிப்பதற்கும் அன்றாட வேலைகளுக்கும் நான்கைந்து செயலிகளே போதும்.

நூலகம் கைக்குள்ளே

சிங்கப்பூரில் வசிப்போர் முதலில் பதிவிறக்க வேண்டியது 'லிபி' செயலி. தேசிய நூலக வாரியத்தின் உறுப்பினர் கணக்கைக் கொண்டு அதில் நுழைந்தால், மின்னூல்களையும் ஒலிநூல்களையும் இலவசமாக இரவல் பெறலாம். தமிழ் நூல்களும் அங்கு உள்ளன. தவணை முடிந்ததும் நூல் தானாகவே திரும்பிவிடும் என்பதால் தாமதக் கட்டணம் என்ற பேச்சே இல்லை. வீட்டில் வைஃபை வழி இறக்கிக்கொண்டால், எம்ஆர்டியில் போகும்போது இணையம் இல்லாமலும் படிக்கலாம்.

பழந்தமிழ் நூல்களை நாடுவோருக்கு 1998ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டம் ஒரு கருவூலம். உலகெங்கும் உள்ள தமிழ்த் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் உருவாக்கிய மின்னூல்களை அதன் இணையத்தளத்தில் எவரும் கட்டணமின்றிப் பெறலாம்.

இறக்கிய நூல்களைத் திறக்க 'ரீட்எரா' போன்ற செயலி உதவும். அது இலவசம், விளம்பரத் தொல்லையும் இல்லை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிடிஎஃப் கோப்பில் பக்கத்தின் அமைப்பு மாறாது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே போய்விடும். 'இபப்' வடிவில் அப்படியில்லை. எழுத்தைப் பெரிதாக்கும்போது வரிகள் திரைக்கு ஏற்ப மடங்கிக்கொள்ளும். பார்வை மங்கிய பெரியவர்களுக்கு இது பெரிய வசதி. இரு வடிவங்களும் இருந்தால் 'இபப்' வடிவையே தேர்ந்தெடுங்கள். படமாக வருடப்பட்ட நூல்களைவிட அது மிகக் குறைந்த இடத்தையே பிடிக்கும்.

எழுதவும் பேசவும்

தமிழில் தட்டச்சு செய்ய, மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' நமக்கு நன்கு அறிமுகமானது. 2005இல் சாதாரணக் கைத்தொலைபேசிகளில் தமிழில் குறுந்தகவல் அனுப்ப வழி செய்தது அதுதான். தட்டச்சு பழகாதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2017 முதல் கூகலின் விசைப்பலகையில் தமிழில் பேசினாலே எழுத்தாக வருகிறது. கடைக்குப் போகும் பட்டியல், மருந்து விவரம், மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் ஆகியவற்றை 'கூகல் கீப்' குறிப்புச் செயலியில் இப்படிச் சொல்லியே பதியலாம். அதே குறிப்பைப் பிள்ளைகளுடன் பகிர்ந்துகொண்டால், அவர்கள் தங்கள் கைத்தொலைபேசியிலிருந்தே அதைப் பார்க்கலாம், திருத்தலாம்.

விழிப்பாக இருங்கள்

இலவசம் என்றதும் எதையும் இறக்கிவிடக் கூடாது. குறுந்தகவலிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் இணைப்புகள் மூலம் 'ஏபிகே' கோப்புகளை நிறுவியவர்கள் வங்கிச் சேமிப்பையே பறிகொடுத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டு மட்டும் இத்தகைய தீங்குநிரல் மோசடிகள் 1,899 பதிவாயின. இழப்பு 34 மில்லியன் வெள்ளிக்கும் மேல். செயலிகளைக் கூகல் பிளே தளத்திலிருந்து மட்டும் பெறுங்கள். விலை குறைந்த கருவிகள் பலவற்றுக்குப் பாதுகாப்பு மேம்பாடுகள் சில ஆண்டுகளில் நின்றுவிடும். ஆகவே, வங்கிச் செயலியை அதில் ஏற்றாமல் இருப்பதே நல்லது. வாசிப்புக்கு என்று வாங்கியது வாசிப்புக்கே இருக்கட்டும்.

புதிதாக வாங்குவோர், கூடுதல் நினைவக அட்டை பொருத்தும் வசதி உள்ளதா என்று கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வைத்திருப்போர் தேவையற்ற செயலிகளை நீக்கினாலே வேகம் ஓரளவு கூடும்.

இந்த வார இறுதியில் வீட்டிலுள்ள இளையர் ஒருவர் அரை மணி நேரம் ஒதுக்கட்டும். நூலகக் கணக்கை இணைத்து, எழுத்தளவைப் பெரிதாக்கி, இரண்டு தமிழ் நூல்களை இறக்கி, பாட்டியின் கையில் கொடுக்கட்டும். பக்கத்தைப் புரட்டுவதற்கு விரலால் ஒருமுறை தள்ளினால் போதும் என்று காட்டிவிட்டால், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.