அயர்லாந்து சோடா ரொட்டி

அயர்லாந்து சோடா ரொட்டி என்பது கோதுமை மாவு, சமையல் சோடா, உப்பு, மோர் ஆகிய நான்கு பொருள்களைக் கொண்டு, ஈஸ்ட் சேர்க்காமல் சுடப்படும் ரொட்டி ஆகும். இதன் மாவை நெடுநேரம் பிசைய வேண்டியதில்லை. புளிக்க வைக்கவும் வேண்டியதில்லை. சுமார் ஒரு மணி நேரத்தில் ரொட்டி தயாராகிவிடும். 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் எளிய குடும்பங்களிடையே பரவிய இது, இன்றும் அந்நாட்டு வீடுகளில் சுடப்படுகிறது.

வரலாறு

மாவை உப்பவைக்கக் காரப்பொருள் சேர்க்கும் வழக்கம் அயர்லாந்தில் தோன்றியதன்று. 1796இல் அமெரிக்காவில் வெளிவந்த அமெலியா சிம்மன்சின் சமையல் நூலிலேயே, மரச்சாம்பலிலிருந்து எடுத்த காரஉப்பைச் சேர்க்கும் குறிப்புகள் உள்ளன. சமையல் சோடா 1830களில் அயர்லாந்தில் பயன்பாட்டுக்கு வந்தது. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இறந்தனர். உருளைக்கிழங்கையே பெரிதும் நம்பியிருந்த உணவுமுறை அதன்பின் மாறத் தொடங்கியது. கோதுமை ரொட்டியின் பயன்பாடும் பெருகியது.

அயர்லாந்தில் நிலைபெற்ற காரணங்கள்

1. கோதுமை: அயர்லாந்தின் குளிர்ந்த, ஈரமான தட்பவெப்பத்தில் மென்கோதுமை நன்கு விளைகிறது. இதில் புரதம் குறைவு. ஆகவே ஈஸ்ட் ரொட்டிக்குத் தேவையான இழுவைத்தன்மை இம்மாவில் போதிய அளவு உண்டாவதில்லை. சோடா ரொட்டிக்கோ இந்த மென்மாவே பொருத்தமானது.

2. மோர்: பசு வளர்த்த குடும்பங்களில் வெண்ணெய் கடைந்தபின் எஞ்சிய புளித்த மோர் தாராளமாகக் கிடைத்தது.

3. அடுப்பு: பல குடிசைகளில் ரொட்டி சுடும் மூட்டடுப்பு கிடையாது. மூடியுள்ள வார்ப்பிரும்புச் சட்டியில் மாவை வைத்து, திறந்த கணப்பு நெருப்பின் மேல் தொங்கவிட்டனர். மூடியின் மீதும் தணலைப் பரப்பினர். இதனால் மேலும் கீழும் சூடு சீராகக் கிடைத்தது. சதுப்பு நிலங்களில் வெட்டிக் காயவைத்த முற்றா நிலக்கரியே விறகுக்குப் பதிலாக எரிபொருளாயிற்று. இச்சட்டி 'பாஸ்டிபிள்' எனப்பட்டது.

உப்பும் விதம்

சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட்டு. தமிழ்நாட்டில் இதை ஆப்பச் சோடா என்றும் அழைப்பர். மோரிலுள்ள லாக்டிக் அமிலம் இதனுடன் வினைபுரியும்போது கார்பன் டை ஆக்சைடு வாயு வெளிப்படுகிறது. இவ்வாயுக் குமிழ்கள் மாவை உப்பச் செய்கின்றன. நனைந்தவுடனே வினை தொடங்கிவிடுவதால், பிசைந்த மாவைக் காலந்தாழ்த்தாமல் சூட்டில் வைக்க வேண்டும். தாமதித்தால் வாயு வெளியேறி ரொட்டி கனத்துவிடும். அமிலத்தால் ஈடுசெய்ய முடியாத அளவு சோடா சேர்ந்தால், ரொட்டி மஞ்சளாகிச் சவர்க்காரச் சுவை தரும். நீர் விட்டுப் பெருக்கிய மோரில் அமிலம் குறைவு என்பதால், கெட்டியான புளித்த மோரே ஏற்றது.

செய்முறை

450 கிராம் மாவுடன் ஒரு தேக்கரண்டி சோடாவும் ஒரு தேக்கரண்டி உப்பும் சேர்த்துச் சலிக்க வேண்டும். நடுவில் குழி செய்து 350 முதல் 400 மில்லி லிட்டர் வரை மோர் ஊற்றி, விரல்களால் இலேசாகக் கலக்க வேண்டும். மாவு ஒன்றுசேர்ந்தால் போதும். அழுத்திப் பிசைந்தால் ரொட்டி கடினமாகும். வட்டமாகத் தட்டி, மேலே ஆழமாகச் சிலுவைக் குறியாகக் கீற வேண்டும். பின்னர் 230 பாகை செல்சியசு வெப்பத்தில் 15 நிமிடமும், 200 பாகையில் சுமார் 30 நிமிடமும் சுட வேண்டும். அடிப்பக்கத்தைத் தட்டும்போது உள்ளீடற்ற ஒலி எழுந்தால் வெந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

சிலுவைக் கீறல் தீய சக்திகளை விரட்டும் என்றும், ரொட்டிக்குள் இருக்கும் மாயக் குறளிகளை வெளியேற்றும் என்றும் நாட்டுப்புற நம்பிக்கைகள் உண்டு. நடைமுறையில் இக்கீறல் தடித்த நடுப்பகுதி வேக உதவுகிறது. ரொட்டியை நான்காகப் பிய்க்கவும் எளிதாகிறது.

வகைகள்

- பழுப்புச் சோடா ரொட்டி: தவிடு நீக்காத முழுக்கோதுமை மாவில் செய்யப்படுவது.
- ஃபார்ல்: வட அயர்லாந்தில் வட்ட மாவை நான்காக வெட்டித் தட்டையான கல்லில் இருபுறமும் சுடுவது. 'நான்கில் ஒரு பங்கு' என்பதே இச்சொல்லின் பொருள். இது அங்குள்ள காலை உணவில் முக்கிய இடம் பெறுகிறது.
- 'புள்ளி நாய்': உலர்திராட்சை சேர்த்தது.

அமெரிக்காவில் மார்ச் 17 புனித பேட்ரிக் நாளையொட்டிச் சுடப்படும் சோடா ரொட்டியில் சர்க்கரை, வெண்ணெய், முட்டை ஆகியவையும் சேர்க்கப்படுவதுண்டு. மரபான ரொட்டி இனிப்பற்றது. சுட்ட அன்றே வெண்ணெய் தடவி உண்ணப்படுவது. அது விரைவில் உலர்ந்துவிடும் என்பதால், அயர்லாந்து வீடுகளில் அன்றாடம் புதிதாகச் சுடும் வழக்கம் இருந்தது.