ஆட்டக்காரர் ஆசானான கதை



நன்றாகப் பாடுபவர் எல்லோரும் நன்றாகப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதில்லை. கணிதத்தில் நிகரற்ற புலமை படைத்தவர் வகுப்பறையிலே தடுமாறுவதையும் நாம் கண்டிருக்கிறோம். ஒரு செயலைத் தாமே செய்யும் ஆற்றல் வேறு. அதனைப் பிறரைக்கொண்டு செய்விக்கும் ஆற்றல் வேறு. பாடசாலையிலே நெடுங்காலம் பணியாற்றியோர் நன்கறிந்த இவ்வுண்மை விளையாட்டு மைதானத்துக்கும் பொருந்துமா? இங்கிலாந்தின் உதைபந்தாட்ட வீரர் பிறயன் கிளவ் என்பாரின் வாழ்க்கையைக்கொண்டு இன்று ஆராய்வோம்.

கிளவ் 1935ஆம் ஆண்டு மிடில்ஸ்பரோ என்னும் கைத்தொழில் நகரிலே பிறந்தவர். அந்நகரின் கழகத்துக்காகவும், பின்னர் சண்டலண்ட் கழகத்துக்காகவும் ஊதியம் பெற்று ஆடினார். முன்னணியில் நின்று கோல் போடுவதே அவர் பணி. லீக் போட்டிகள் 274இல் அவர் போட்ட கோல்கள் 251. இத்தகைய வீரரின் புகழ் அவர் கால்களிலேயே தங்கியிருந்தது என்பதிற் புதுமையில்லை.

1962ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள் அந்தக் கால்களுக்கே கேடு வந்தது. பந்தைத் துரத்தி விரைந்தவர் எதிரணியின் கோல் காப்பாளருடன் மோதி வீழ்ந்தார். முழங்கால் மூட்டைப் பிணித்திருக்கும் நார்கள் அறுந்தன. அப்பொழுது அவருக்கு வயது 27. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் முயன்று மீண்டும் மைதானத்துக்கு வந்தார். மூன்றே போட்டிகள், ஒரு கோல். அத்துடன் ஆட்ட வாழ்வு முடிந்தது. கைவந்த தொழில் ஒன்றைத் தவிர வேறெதுவும் அறியாத ஓர் இளைஞன், அத்தொழில் பறிபோனபின் என்ன செய்வான்? இக்கேள்விக்கு விடை தேடாத விளையாட்டு வீரர் எந்நாட்டிலும் இல்லை.

கிளவுக்கு விடை கிடைத்த இடம் சண்டலண்டின் இளைஞர் அணி. அங்கே சிறுவருக்குப் பயிற்சி அளிக்கத் தொடங்கியபோதுதான், தமக்குப் பிறிதோர் ஆற்றலும் உண்டென அவர் உணர்ந்தார். 1965இல், தமது 30ஆம் வயதிலே, ஹார்ட்டில்பூல்ஸ் கழகத்தின் முகாமையாளரானார். நான்காம் பிரிவின் அடித்தளத்திற் கிடந்த ஏழைக் கழகம் அது. தம்மோடு பீற்றர் டெயிலர் என்னும் நண்பரையும் அழைத்துச் சென்றார். டெயிலர் முன்பு மிடில்ஸ்பரோவிலே கோல் காப்பாளராக இருந்தவர்; கிளவின் திறமையை முதலிற் கண்டுகொண்டவர்களுள் ஒருவர். பிறரிடம் மறைந்துகிடக்கும் திறமையைக் காணும் கண் டெயிலருடையது; அதனை வெளிக்கொணரும் நா கிளவுடையது. இவ்விருவரும் சேர்ந்து இரண்டாம் பிரிவிலிருந்த டார்பி கழகத்தை உயர்த்தி, 1972இல் இங்கிலாந்தின் முதலிடத்துக்குக் கொண்டுவந்தனர்.

ஆனால், நேயர்களே, வெற்றியைக் காட்டிலும் தோல்வியே நமக்கு அதிகம் கற்பிக்கிறது. 1974இல் கிளவ் லீட்ஸ் கழகத்துக்குச் சென்றார். அது அவ்வாண்டு நாட்டின் முதலிடம் பெற்ற கழகம். இம்முறை டெயிலர் உடன் செல்லவில்லை. முன்னர் தாம் வெளிப்படையாகக் குறைகூறிவந்த வீரர்களையே கிளவ் வழிநடத்த வேண்டியிருந்தது. அவர்கள் மனத்தை அவராற் கவர முடியவில்லை. 44ஆம் நாள் பதவி பறிக்கப்பட்டது. மாணாக்கர் உள்ளத்திலே இடம்பெறாத ஆசிரியரின் அறிவு எவ்வளவு பெரிதாயினும் பயன்படாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அடுத்த ஆண்டே இரண்டாம் பிரிவிலிருந்த நொட்டிங்ஹாம் பொறஸ்ட் கழகத்தை அவர் ஏற்றார். அங்கே ஜோன் றொபேட்சன் என்றொருவர் இருந்தார். உடலைப் பேணாதவர், மெதுவாக ஓடுபவர் என ஒதுக்கப்பட்டிருந்தவர். கிளவும், பின்னர் வந்து இணைந்த டெயிலரும் அவரைக் கடிந்தனர், ஆயினும் கைவிடவில்லை. அவர் கால்வேகத்தை நோக்காது, பந்தைச் சரியான இடத்துக்கு அனுப்பும் நுட்பத்தை நோக்கி, இடப்புற ஓரத்தை அவருக்கு அளித்தனர். 1978இல் அக்கழகம் நாட்டின் முதலிடம் பெற்றது. 1979இல் மியூனிச் நகரிலே ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம். றொபேட்சன் அனுப்பிய பந்தைத் தலையால் முட்டி றெவர் பிரான்சிஸ் போட்ட ஒரே கோல் கிண்ணத்தைத் தந்தது. 1980இல் மட்றிட் நகரிலே மீண்டும் கிண்ணம். இம்முறை ஒரே கோலைப் போட்டவர் றொபேட்சனே.

கிளவின் வாழ்வு குறையற்றதன்று. டெயிலருடன் 1983இல் மூண்ட பிணக்குத் தீருமுன்னரே 1990இல் டெயிலர் காலமானார். மதுப்பழக்கமும் கிளவை வாட்டியது. 1993இல் கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்க, அவரும் ஓய்வுபெற்றார்; 2004இல் மறைந்தார்.

251 கோல்கள் போட்ட வீரரை இன்று கோல்களுக்காக நினைப்போர் சிலரே. பிறரைக் கோல் போட வைத்தமைக்காக நினைப்போர் பலர். நம் பாடசாலைகளிலும் ஒரு பிள்ளை ஓட்டத்திற் பின்தங்கலாம், மற்றொரு பிள்ளை பரீட்சையிற் பின்தங்கலாம். அப்பிள்ளையிடம் இல்லாததை எண்ணிக் கணக்கிடுவது எளிது. இருப்பதைக் கண்டு, அதற்குரிய இடத்தை அளிப்பதே ஆசானின் பணி. அதற்குத் தாமே சிறந்த வீரராயிருந்தமை மட்டும் போதாது. பிறரை நோக்கும் கண்ணும் வேண்டும்.