வெயிலும் தோலும்



உலகில் தோற்புற்றுநோய் மிக அதிகமாகக் காணப்படும் நாடுகளுள் அவுஸ்திரேலியா முன்வரிசையில் நிற்கிறது. அந்நாட்டவருள் மூவரில் இருவருக்கு, எழுபது வயதை அடையுமுன் ஏதேனும் ஒருவகைத் தோற்புற்று உண்டாகிறதென மதிப்பிட்டுள்ளனர். அவ்வகைகளுட் பல எளிதிற் குணமாவன. மெலனோமா என்னும் வகையோ, காலந்தாழ்த்தினால் உயிரைக் கவர்ந்துவிடும்.

இதற்குக் காரணம் யாது? ஞாயிற்றொளியிலே கண்ணுக்குப் புலனாகாத ஊதாக்கடந்த கதிர்கள் உள. அவை தோலின் கலங்களுள் நுழைந்து மரபுப்பொருளைச் சிதைக்கின்றன. அச்சிதைவை உடல் பெரும்பாலும் திருத்திக்கொள்ளும். திருந்தாது எஞ்சியவை ஆண்டாண்டாகச் சேர்ந்து ஈற்றிற் புற்றாக மாறக்கூடும். கறுத்த தோலில் மிகுந்துள்ள மெலனின் என்னும் நிறப்பொருள் இக்கதிர்களைப் பெரிதும் தடுக்கிறது. வெண்டோலுக்கு அக்காப்புக் குறைவு. ஆகவேதான், அவுஸ்திரேலிய ஆதிக்குடிகளிடையே அருகிக் காணப்படும் இந்நோய், வெயில் மந்தமான பிரித்தானியா, அயர்லாந்து முதலிய நாடுகளிலிருந்து 1788 ஆம் ஆண்டு தொடக்கம் வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்களைப் பெரிதும் வாட்டுகிறது.

1956 ஆம் ஆண்டிலே லாங்காஸ்டர் என்னும் புள்ளிவிபர அறிஞர், மத்தியகோட்டை அணுக அணுக மெலனோமாவால் நேரும் மரணங்கள் கூடுவதை எடுத்துக்காட்டினார். நோயின் காரணம் வெயிலே என்பது துலங்கத் துலங்க, அதனைத் தடுக்கும் வழியும் துலங்கிற்று.

1981 ஆம் ஆண்டில் விக்டோரியா மாநிலத்துப் புற்றுநோய்த் தடுப்புச் சபையார் ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். சித்திரக் கடற்பறவையொன்று தொலைக்காட்சியில் ஆடிப்பாடி, சட்டையை அணியுங்கள், வெயிற்காப்புக் களிம்பைப் பூசுங்கள், தொப்பியை இடுங்கள் என மூன்று கட்டளைகளை மக்களுக்கு உணர்த்திற்று. 2007 இல், நிழலை நாடுதலும் கறுப்புக் கண்ணாடி அணிதலும் அவற்றுடன் சேர்ந்தன. இளமையிற் பெறும் வெயிற்சூட்டின் தீங்கு முதுமைவரை தொடர்வதால், பாடசாலைகளே இவ்வியக்கத்தின் முதற்களமாயின. தொப்பியின்றி வரும் மாணவனுக்கு வெளியில் விளையாட இடமில்லை என்னும் விதி, அங்கு பல ஆரம்பப் பாடசாலைகளில் வழக்கமாயிற்று.

இவற்றாற் பயன் விளைந்ததா? குவீன்ஸ்லாந்திலுள்ள நம்பூர் என்னும் சிற்றூரில், 1992 முதல் 1996 வரை 1621 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு சாரார் நாள்தோறும் களிம்பு பூசினர். மற்றையோர் தம் விருப்பின்படி நடந்தனர். நாள்தோறும் பூசியோரிடையே செதிற்கலப் புற்றுகள் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது வீதம் குறைந்தன. அதன்பின் பத்தாண்டு கவனித்ததில், மற்றையோரில் 22 பேருக்கும், நாள்தோறும் பூசியோரில் 11 பேருக்கும் மெலனோமா கண்டது. இன்று அந்நாட்டின் இளந்தலைமுறையினரிடையே மெலனோமா குறைந்து வருகிறது. முதியோரிடம் அது இன்னும் மிகுந்தே உள்ளது. அவர்கள் இளமையிற் பட்ட வெயிலின் கடன் இன்றும் தீரவில்லை.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். சூடு வேறு, ஊதாக்கடந்த கதிர் வேறு. முகில் மூடிய நாளிலும் குளிர்காற்று வீசும் மலையிலும் இக்கதிர்கள் கடுமையாக இருத்தல் கூடும். வெப்பமானி அவற்றைக் காட்டாது. இதனாலேயே அவற்றின் வலிமையைத் தனிச்சுட்டெண்ணால் அளந்து, அது மூன்றும் அதற்கு மேலும் உயரும் நாளில் காப்புத் தேடுமாறு அறிவுறுத்துகின்றனர்.

கறுத்த தோலினராகிய எமக்கு இந்நோய் அரிதெனினும், முற்றாக இல்லையென எண்ணலாகாது. எம்போன்றோரிடம் மெலனோமா பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் கீழும் தோன்றும். வெயிலை அதற்குக் காரணமெனக் கூறுவதற்கில்லை; ஆதலின் களிம்பும் தொப்பியும் அதனைத் தடுத்துவிடா. இவ்விடங்களை எவரும் ஊன்றிப் பார்ப்பதில்லை. வெறும் காய்ப்பென்றும் அடிபட்ட கறையென்றும் விட்டுவிடுவதனால், நோய் முற்றிய பின்னரே வைத்தியரிடம் செல்கின்றனர். வடிவமோ நிறமோ மாறிவரும் மச்சத்தையும், ஆறாத புண்ணையும், நகத்திற் புதிதாய்த் தோன்றி அகலும் கருங்கோட்டையும் உடனே காட்டுதல் நன்று.

அவுஸ்திரேலியர் வெயிலை மாற்றவில்லை. தம் பழக்கத்தை மாற்றினர். அதற்கு ஒரு தலைமுறை சென்றது. எமக்கு வேண்டியது அவ்வளவு பெரிய மாற்றமன்று. குளித்து முடிந்ததும் உள்ளங்காலை ஒருமுறை திருப்பிப் பார்க்கும் பழக்கமே போதும்.