வெறுமை வேறு, பூச்சியம் வேறு!

மாணவர்களே! கடப்பாக்கம் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர்களுக்கருகே மீனவர்களின் படகுகளைக் காணலாம். 'இன்று அலை எவ்வளவு உயரம்?' என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. ஹைதராபாத்திலுள்ள 'இன்காய்ஸ்' என்னும் கடல்சார் தகவல் மையம் அலையின் உயரம், காற்றின் வேகம் முதலியவற்றை முன்கூட்டியே கணித்து வெளியிடுகிறது.

இத்தகைய தகவலைப் பெற்று மீனவரின் செல்பேசிக்கு அனுப்பும் புரோகிராம் ஒன்றை நீங்கள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இதற்காக ஒரு கணிப்பொறியை நாள் முழுதும் நீங்கள் கட்டிக் காக்க வேண்டியதில்லை. தகவல் வந்ததும் புரோகிராம் இயங்கும். வேலை முடிந்ததும் நின்றுவிடும். இம்முறைக்குச் 'சர்வர்லெஸ்' என்று பெயர். சர்வர் இல்லாமல் இல்லை. அதை வேறொரு நிறுவனம் பராமரிக்கிறது, அவ்வளவுதான். 2014-இல் அமேசான் அறிமுகப்படுத்திய 'லாம்டா' இவ்வகையைச் சேர்ந்தது.

சரி, அலை உயரம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக வந்தால் என்ன ஆகும்? ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் வெறுமையை எண்ணாக மாற்றச் சொன்னால் 0 என்று விடை வரும்! உடனே, 'அலை 0 மீட்டர். கடல் அமைதி' என்று செய்தி போய்விடும். புயல் நாளில் அதை நம்பிப் படகைத் தள்ளினால்?

இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். அமெரிக்கக் கடல் மிதவைகளின் பழைய பதிவுகளில், அலை உயரம் கிடைக்காத இடத்தில் 99 என்று குறித்திருப்பார்கள். இதை அறியாத புரோகிராம் 99 மீட்டர் அலை வருவதாக அலறும்!

ஆகவே, வரும் தகவலை வாசலிலேயே சோதிக்க வேண்டும். உயரம் குறிக்கப்பட்டுள்ளதா? அது எண்தானா? கடலில் நடக்கக்கூடிய அளவா? இன்றைய தேதியா? நான்கில் ஒன்று தவறினாலும், 'தகவல் கிடைக்கவில்லை' என்றே மீனவருக்குச் சொல்ல வேண்டும். ஊகித்து நிரப்பக் கூடாது.

பழுதான தகவலை என்ன செய்வது? புரோகிராம் பாதியில் நின்றுபோனால் லாம்டா, சில வகை வேலைகளில், மேலும் இருமுறை தானே இயக்கிப் பார்க்கும். இடையில் இணைப்பு அறுந்திருந்தால் இது பயன் தரும். தகவலே பழுதென்றால் எத்தனை முறை இயக்கினாலும் பழுதுதான். முகவரி புரியாத கடிதத்தைத் தபால்காரர் தனியே எடுத்து வைப்பதுபோல, அதை ஒதுக்கி வைத்துப் பொறுப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். எறிந்துவிடக் கூடாது, பிழையின் காரணத்தை அதிலிருந்துதான் அறிய முடியும். மற்றத் தகவல்கள் தடையின்றிச் செல்லட்டும்.

இப்போது ஒரு கேள்வி. அலை உயரம் 1.8, 'இரண்டு', –3, 18 என நான்கு தகவல்கள் வருகின்றன. எவற்றை ஏற்பீர்கள்? கடைசி எண்ணைச் சற்றுக் கவனமாகப் பாருங்கள்: ஒரு புள்ளி விடுபட்டிருக்குமோ?