தூண்களும் முன்றிலும்

பாலாவியிலிருந்து கொழும்பு செல்லும் நம் மாணவர் பலர், காலிமுகத்திடலின் வடபால் கடலை நோக்கி நிற்கும் பழைய பாராளுமன்றக் கட்டிடத்தைக் கண்டிருப்பர். அதன் முகப்பில் வரிசையாக உயர்ந்துள்ள தூண்கள் நம் நாட்டுச் சிற்ப மரபுக்குரியன அல்ல. பண்டைக் கிரேக்கர் தம் கோயில்களுக்கு அமைத்த தூண்களைப் பின்பற்றியவை. மக்களாட்சியின் பிறப்பிடம் ஏதென்ஸ் என்பர். ஆதலின் சட்டமன்றங்களுக்கு அத்தூண்களே ஏற்றவையென மேனாட்டார் கருதினர்.

ஏதென்ஸ் நகரிலும் இம்மரபில் எழுந்த மாளிகையொன்றுண்டு. ஒத்தோ மன்னனுக்காகக் கட்டப்பட்ட அவ்வரண்மனை 1843ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அவ்வாண்டே செப்டெம்பர் 3ஆம் நாள் மக்களும் படையினரும் அதன் முன்றிலில் திரண்டு அரசியற் சாசனம் வேண்டினர், மன்னனும் இணங்கினான். அதனால் அவ்விடம் 'சாசனச் சதுக்கம்' எனப் பெயர் பெற்றது. அரண்மனையோ 1930களில் பாராளுமன்றமாயிற்று.

கொழும்பிலுள்ள கட்டிடத்தை வகுத்தவர் ஒஸ்ரின் வுட்சன். அது 1930ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் திறக்கப்பட்டது. சர்வசன வாக்குரிமையின்படி 1931இல் தெரிவான அரசாங்க சபை கூடியதும் இங்கேதான். இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரான சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் சிலையும் இதன் முன்னே நிறுவப்பட்டது.

எனினும், மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மன்றத்திலேயே நிறைவேறியது. 1956ஆம் ஆண்டு யூன் 5ஆம் நாள் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் மசோதா இங்கு விவாதத்துக்கு வந்தபோது, செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் எதிரேயுள்ள திடலில் சத்தியாக்கிரகம் இருந்தனர். கும்பல்கள் அவர்களைத் தாக்கின. மசோதா அம்மாதமே பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பில் இடம்பெற 1987ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. அதற்குள், 1982இல், பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டைக்குப் பெயர்ந்துவிட்டது. பழைய கட்டிடம் சனாதிபதி செயலகமாயிற்று.

இரு நகரங்களிலும் தூண்கள் ஒரே மரபின. முன்றிலில் நின்றோர் கேட்டதும் நீதியே. ஓரிடத்தில் அக்குரல் செவிமடுக்கப்பட்டது, மற்றோரிடத்தில் புறக்கணிக்கப்பட்டது. பெரும்பான்மையோர் எண்ணிக்கையால் மட்டும் மக்களாட்சி நிறைவுறாது. சிறுபான்மையோர் குரலுக்கு மன்றம் செவிசாய்க்கும்போதே அது நிறைவுறும். அக்கட்டிடத்தை இனிக் காணும் மாணவர் தூண்களை வியப்பதோடு அமையாது, எதிரேயுள்ள திடலையும் ஒருமுறை திரும்பி நோக்குவாராக.