காம்பினோ: தெரு நடத்திய சோதனை

கொல்கத்தாவில் டிராம் ஏறியவர்களுக்கு அதன் உயரமான படிகள் நினைவிருக்கும். சக்கரங்களும் மோட்டார்களும் தளத்துக்கு அடியில் இருப்பதால் வந்த உயரம் அது. முதியோரும் சக்கர நாற்காலியில் வருவோரும் படியேறாமல் உள்ளே செல்லும்படி, வண்டி முழுவதையும் தாழ்தளமாக அமைக்க ஐரோப்பியப் பொறியாளர்கள் நெடுங்காலம் முயன்றனர். ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் 1996-இல் அறிமுகப்படுத்திய காம்பினோ வகை டிராம் அம்முயற்சியில் வணிக வெற்றியும் கண்டது.

சக்கரம் தாங்கிய குறும்பெட்டிகள், அவற்றினிடையே சக்கரமே இல்லாமல் தொங்கும் நீண்ட பெட்டிகள் என்பதே அதன் அமைப்பு. முன்னரே வடிவமைத்த அலுமினியப் பகுதிகளைப் போல்ட்டுகளால் இணைத்து, நகரின் தேவைக்கேற்ப மூன்று, ஐந்து அல்லது ஏழு பெட்டிகளாக நீட்டலாம். ஒவ்வொரு நகருக்கும் தனி வடிவமைப்பு என்னும் செலவு இதனால் குறைந்தது. பாட்ஸ்டாம், பாசெல், மெல்போர்ன், ஹிரோஷிமா என வாங்கியோர் பட்டியல் நீண்டது. ஆம்ஸ்டர்டாம் மட்டுமே 155 வண்டிகள் வாங்கியது.

2004 மார்ச்சில், 1,20,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டிகளை நிறுத்திவைக்குமாறு சீமென்ஸே அறிவுறுத்தியது. பக்கச்சுவர் கூரையோடு சேரும் இணைப்புகளில் விரிசல் கண்டிருந்தது. விபத்து நேர்ந்தால் கூரை சரியக்கூடும் என்ற அச்சமும் எழுந்தது. வண்டி ஒரு வளைவிலிருந்து எதிர்வளைவுக்குத் திரும்பும்போது தொங்கும் பெட்டிகள் முறுக்கப்படுகின்றன. அம்முறுக்கு விசை, வடிவமைப்பில் கணக்கிட்டதைவிடத் தெருவில் மிகுதியாக இருந்தது. சக்கரங்களைக் குறைத்து மிச்சப்படுத்திய சுமை, இணைப்புகளின் தலையில் ஏறியது என்று சொல்லலாம்.

பழுதுநீக்கும் செலவை உற்பத்தியாளரே ஏற்று, கணக்கில் பெருந்தொகையை ஒதுக்கவேண்டியதாயிற்று. உத்தரவாதப் பத்திரங்களை நாள்தோறும் கையாளும் எனக்கு, இதில் நகராட்சிகளின் நிலையே முதலில் கண்ணில் படுகிறது. பழுதுபார்க்கும் செலவு அவர்களுடையது அன்று. ஆயினும் வண்டியின்றி நின்ற பயணிக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் அவர்களே. சில நகரங்கள் பழைய டிராம்களை மீண்டும் ஓடவிட்டன.

புடாபெஸ்ட் நகருக்கு அடுத்து உருவான 40 வண்டிகளில் அமைப்பே மாறியது. தொங்கும் பெட்டிகள் கைவிடப்பட்டன; ஒவ்வொரு பெட்டியின் நடுவிலும் அதற்கெனச் சக்கரத்தொகுதி வந்தது. அலுமினியத்தின் இடத்தை எஃகு பிடித்தது. ஏறத்தாழ 54 மீட்டர் நீளமுள்ள அவ்வண்டிகள் 2006 முதல் அந்நகரின் பெருவீதியில் 4, 6 ஆம் தடங்களில் ஓடுகின்றன. அதே அமைப்பை அடிப்படையாகக் கொண்டு பின்னர் வந்த அவெனியோ வகை, இன்று மியூனிக்கிலும் தி ஹேகிலும் ஓடுகிறது.